ஜாடியில் கரைந்த கொழுப்பு

1. பத்து நொடிப் பழக்கம்

அந்த வெள்ளிக்கிழமை மாலை எங்கள் ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவர் டாக்டர் வரதன், ஆய்வு மாணவி சுகன்யாவைப் பற்றிச் சொன்னதை அன்றே என் டைரியில் எழுதி வைத்தேன். "திங்கட்கிழமையோட இந்த எலி லைனை மூடிடலாம். சுகன்யா வேலை சரியில்ல." அதற்கு அடுத்த வரியில் நான் எழுதியது: "என் வேலையில் பிசகு இல்லை."

இரண்டாவது வரி தவறு. அது எப்படித் தவறானது என்பதை இந்தத் துறைக்குப் புதிதாக வரும் டெக்னீஷியன்களுக்காக எழுதுகிறேன்.

என் பெயர் ஸ்டெல்லா. ஆம்பூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வேலூருக்கு வந்து போகிறேன். இருபத்தாறு வருடம் ஒரு மருத்துவமனையில் சைட்டாலஜி பிரிவில் இருந்தேன். உடலிலிருந்து எடுத்த நீரையோ செல்களையோ கண்ணாடி ஸ்லைடில் பரப்பி, சாயம் ஏற்றி, டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்படி தயார் செய்வது என் வேலை. அங்கே ஒரு விதி உண்டு. பரப்பிய ஸ்லைடு காய்வதற்குள், பத்து நொடிக்குள், ஆல்கஹால் ஜாடிக்குள் போய்விட வேண்டும். காய்ந்தால் செல் சுருங்கிவிடும். புற்றுநோய் செல்லை அடையாளம் காண முடியாது. செல்லை அதே நிலையில் நிறுத்தி வைப்பதைத்தான் நாங்கள் ஃபிக்ஸ் செய்வது என்போம். இருபத்தாறு வருடத்தில் என் ஸ்லைடு ஒன்றுகூடக் காய்ந்துவிட்டது என்று திரும்பி வந்ததில்லை. ஜாடி எப்போதும் என் இடது கைப்பக்கம் இருக்கும். பார்க்காமலே போடுவேன்.

போன வருடம் என்னை நுரையீரல் ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாற்றினார்கள். முதல் நாள் நான் செய்த முதல் வேலை, மேசையைத் துடைத்து, ஆல்கஹால் ஜாடியை இடது பக்கம் வைத்தது.

2. ஏழாம் நாள்

எங்கள் வேலை என்னவென்று டாக்டர் வரதன் முதல் வாரமே உட்கார வைத்துச் சொன்னார். எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

நுரையீரலின் காற்றறைகளுக்குள் ஒரு மெல்லிய கொழுப்புப் படலம் இருக்கிறது. அது இருப்பதால்தான் மூச்சை வெளியே விடும்போது காற்றறைகள் ஒட்டிக்கொள்வதில்லை. பழைய படலத்தை அள்ளித் தின்று சுத்தம் செய்யும் காவல் செல்கள் அங்கேயே குடியிருக்கின்றன. மேக்ரோஃபேஜ் என்பது அவற்றின் பெயர். எலிக்குட்டி கருவில் இருக்கும்போதே இளம் செல்களாக அவை நுரையீரலுக்கு வந்துவிடுகின்றன. ஆனால் வந்த உடனே வேலை தெரியாது. குட்டி பிறந்து மூச்சுவிடத் தொடங்கியதும் காற்றறைச் சுவரிலிருந்து ஒரு சமிக்ஞை வருகிறது. அந்தச் சமிக்ஞை, செல்லின் உட்கருவுக்குள் பிபிஏஆர் காமா என்ற ஒரு ரிசெப்டரைப் பெருக்குகிறது. உட்கருவில் வேலை செய்வதால் அதை நியூக்ளியர் ரிசெப்டர் என்கிறார்கள். கொழுப்பை உணர்ந்து, அதைச் செரிக்கத் தேவையான ஜீன்களைத் திறந்துவிடுவது அது. எலிக்குட்டியில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் இளம் செல் முழுக் காவலாளி ஆகிவிடும்.

"அந்த ரிசெப்டர் இல்லன்னா?" என்று கேட்டேன்.

"செல் கொழுப்ப முழுங்கும், ஆனா செரிக்காது. வயிறு உப்பி நிக்கும். மனுஷங்கள்ல அபூர்வமா ஒரு வியாதி இருக்கு. அந்தக் காவல் செல்லுக்கு வர்ற சமிக்ஞையே தடைபட்டுப் போயிடும். நுரையீரலைக் கழுவினா தண்ணி பால் மாதிரி வரும்."

நான் அந்தப் பாலைப் பார்த்திருக்கிறேன். பேரணாம்பட்டிலிருந்து ஷூ மேல்பாகம் தைக்கும் ஒரு பெண் வந்தாள். டிபி என்று நினைத்து ஐந்து மாதம் மாத்திரை சாப்பிட்டிருந்தாள். அவளுடைய நுரையீரல் கழுவிய நீர் பாட்டிலில் வந்தபோது, கேன்டீன் பால் மாறி வந்துவிட்டதோ என்று லேபிளை இரண்டு முறை படித்தேன்.

எங்கள் ஆய்வின் அடிப்படை இதுதான். காவல் செல்களில் மட்டும் அந்த ரிசெப்டர் இல்லாமல் பிறக்கும் எலிகள் எங்களிடம் இருந்தன. பிறந்த ஏழாம் நாள் குட்டியின் நுரையீரலைக் கழுவி, வந்த செல்களில் ஆயில் ரெட் ஓ என்ற சாயம் ஏற்றினால், கொழுப்பு இருக்கும் இடமெல்லாம் சிவக்கும். ரிசெப்டர் இல்லாத குட்டியில் செல் முழுக்கச் சிவப்பு தெரிய வேண்டும். இது மற்ற இடங்களில் ஏற்கெனவே கண்டறியப்பட்ட விஷயம். எங்கள் எலிகளிலும் அதே தெரிந்தால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

அந்த அடுத்த கேள்விதான் சுகன்யாவின் பிஎச்.டி. குடியாத்தத்தில் லுங்கித் தறி ஓட்டும் குடும்பத்துப் பெண். எலிகளைப் பெருக்கவே அவளுக்கு இரண்டு வருடம் போயிருந்தது.

3. சிவக்காத ஸ்லைடுகள்

வேலைப் பங்கீடு இப்படி. சுகன்யா குட்டிகளின் பாதத்தில் மை குத்தி எண் இடுவாள். வால் நுனியில் துளி வெட்டி, எந்தக் குட்டியில் ரிசெப்டர் இல்லை என்று தனியாகச் சோதித்து, அந்தப் பட்டியலைத் தன்னிடமே வைத்துக்கொள்வாள். ஏழாம் நாள் நுரையீரலைக் கழுவி, ட்யூபை என்னிடம் தருவாள். நான் செல்களை ஸ்லைடில் இறக்கி, ஃபிக்ஸ் செய்து, பெட்டியில் அடுக்குவேன். குட்டிக்கு இரண்டு ஸ்லைடு. ஒன்று செல்லின் வடிவம் பார்க்க, இன்னொன்று கொழுப்புச் சாயத்துக்கு. வடிவ ஸ்லைடுக்கு நான் சாயம் ஏற்றுவேன். கொழுப்பு ஸ்லைடுக்கு மறுநாள் சுகன்யா. ரிஜிஸ்டரில் 'ஃபிக்ஸ்' என்ற கட்டத்தில் நான் டிக் போடுவேன்.

இரண்டு ஈற்று, பன்னிரண்டு குட்டிகள். பன்னிரண்டு டிக்.

ஒன்றுகூடச் சிவக்கவில்லை.

சாயம் கெட்டுவிட்டதா என்று பார்க்க, சுகன்யா கொழுப்பு படிந்த ஒரு கல்லீரல் துண்டையும் கூடவே வைத்திருந்தாள். அது செக்கச்செவேலென்று இருந்தது. ஆக, சாயம் நன்றாக இருக்கிறது. அப்படியென்றால் எலிதான் தப்பு. அல்லது எலியை எண்ணிட்டவள்.

டாக்டர் வரதன் சத்தம் போடுகிறவர் அல்ல. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார் என்றால் கோபம் என்று அர்த்தம்.

"குட்டிய மாத்திட்டியா சுகன்யா?"

"இல்ல சார். ரெண்டு தடவ சரி பார்த்தேன் சார்."

"அப்ப ரிசெப்டர் இல்லாத குட்டி எங்க போச்சு? பறந்து போச்சா?"

"சார், ஸ்லைடு ஃபிக்ஸ் பண்ணதுல ஏதாவது..."

"அது ஸ்டெல்லாம்மா கை. அதுல தப்பு வராது. உன் கையப் பாரு."

நான் பக்கத்து மேசையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த வார்த்தை கேட்டு எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது என்பதை மறைக்காமல் எழுத வேண்டும். சுகன்யா என்னை ஒரு முறை பார்த்தாள். நான் ரிஜிஸ்டரை நேராக நகர்த்தி வைத்தேன்.

அதன்பிறகுதான் எலி லைனை, அதாவது ரிசெப்டர் இல்லாத அந்த எலி வம்சத்தை, மூடும் பேச்சு வந்தது. மூடுவதென்றால் எலிகளை முடித்துவிடுவது. வேறு ஆய்வு தேடிக்கொள்ளச் சொல்லி சுகன்யாவுக்கு ஒரு மாதம் தருவதாகச் சொன்னார். அவள் அழவில்லை. கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, குடியாத்தம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

4. செம்மறித் தோல்

என் கணவர் தேவராஜ் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் சாப்பாட்டு மேசையில் ஒரு தோல் துண்டை வைத்துக்கொண்டு மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாப்பிடற எடத்துல எதுக்குங்க அது?"

"பார்ட்டி ரிட்டன் அனுப்பிட்டான். ஒரே பேஜார். லூசா இருக்காம். இங்க பாரு." மடித்த இடத்தில் மேல்தோல் தனியாகச் சுருங்கி எழுந்தது.

"எதனால?"

"வெளிநாட்டுச் செம்மறி. நம்ம ஊரு ஆடு மாதிரி இல்ல, கொழுப்பு ஜாஸ்தி. மேல் தோலுக்கும் கீழ் தோலுக்கும் நடுவுல ஒரு வரிசையா உக்காந்துனு இருக்கும். சால்வென்ட்ல போட்டு டிகிரீஸ் பண்ணா கொழுப்பு ஓடிடும். அது இருந்த எடம் காலியா நிக்கும். அதான் லூசு."

"சரி, சோறு ஆறுது."

"புது மேனேஜர் வந்து சொல்றாரு, 'இந்தத் தோல்ல கொழுப்பே இல்லையேப்பா, அப்புறம் ஏன் இப்டி'ன்னு. இன்னா சொல்றது அவருகிட்ட? கொழுப்பு இருந்துச்சு சார், நாமதான் எடுத்தோம். எடம் அப்டியே ஓட்டையா கீது பாருங்கன்னேன்."

நான் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். கரண்டி தட்டின் விளிம்பில் பட்டு, குழம்பு மேசையில் போனது.

"இன்னா ஸ்டெல்லா?"

"சால்வென்ட்ல போட்டா கொழுப்பு ஓடிடும்."

"அதான் சொன்னேனே."

"ஆல்கஹாலும் சால்வென்ட்தானே?"

"அத என்னக் கேக்கற? நீதான லேப்ல கீற."

சாப்பிடாமல் எழுந்து டைரியை எடுத்தேன். வடிவ ஸ்லைடுகளுக்குச் சாயம் ஏற்றியதும், சரியாக ஏறியதா என்று மைக்ராஸ்கோப்பில் ஒரு பார்வை பார்ப்பேன். பார்த்ததை அன்றன்றே எழுதுவேன். படித்துச் சொல்வது டாக்டர் வேலை என்பதால் யாரிடமும் சொல்வதில்லை. பன்னிரண்டு குட்டிகளில் நான்கு எண்களுக்கு எதிரே ஒரே குறிப்பு இருந்தது. 4, 7, 8, 11. "செல் பெரிது. உள்ளே துளைகள். ரஸ்க் போல."

சுகன்யாவுக்கு போன் செய்தேன்.

"உன் லிஸ்ட்டுல ரிசெப்டர் இல்லாத குட்டிங்க நம்பர் சொல்லு."

"எதுக்குக்கா இப்ப? அதான் முடிஞ்சு போச்சே."

"நம்பர் சொல்லும்மா."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. "நாலு, ஏழு, எட்டு, பதினொண்ணு."

அவள் ஒரு குட்டியைக்கூட மாற்றவில்லை. கொழுப்பு இருந்தது. ஒரு ராத்திரி முழுக்க ஆல்கஹால் ஜாடியில் ஊற வைத்துக் கரைத்துவிட்டது நான். காய விட்டு, கொழுப்பைக் கரைக்காத ஃபார்மலினில் போட வேண்டிய ஸ்லைடை, இருபத்தாறு வருடப் பழக்கத்தில் இடது கைப்பக்கம் போட்டுவிட்டேன். சுகன்யாவின் தாளில் 'ஃபிக்ஸ்' என்று மட்டும்தான் இருந்தது. எதில் என்று எழுதாதது அவள் குறை இல்லை. கேட்காமல் டிக் போட்டது என் குறை.

கல்லீரல் துண்டு ஏன் சிவந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அதை ஃபார்மலினில் போட்டது சுகன்யா. அது என் ஜாடிப் பக்கமே வரவில்லை.

போனை வைப்பதற்குள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் சொன்னாள், "மூணு வாரமா கண்ணாடியப் பார்த்து என்னையே திட்டினு இருந்தேன்க்கா." காலையில் முதல் பஸ்ஸில் வந்து சாரிடம் நானே சொல்கிறேன் என்றேன்.

5. திங்கட்கிழமை

முதல் பஸ்ஸைப் பிடித்தேன். நேராக விலங்குக் கூடத்துக்குப் போனேன். அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்ளும் ஏகாம்பரம் அண்ணன் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்துக்காரர். கூண்டுகளை வரிசையாக இறக்கி வைத்திருந்தார்.

"அண்ணே, கை வைக்காதீங்க."

"சார் ஆர்டர்மா. ஒம்பது மணிக்குன்னு எழுதிக் குடுத்துட்டாரு."

"சார் வந்துடட்டும். அதுவரைக்கும் வேற வேல பாருங்க."

"வேற வேல இன்னா? இதான் வேல." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "சரி, நான் போய் டீ சாப்டு வர்றேன். டீ சூடா இருந்தா ஆற வச்சுத்தான் குடிப்பேன். அரை மணி ஆவும்." ஒரு கூண்டைக் காட்டினார். "அந்தக் கடைசி பொட்டைய மட்டும் பாரு. வயித்துல புள்ள. நாளைக்கோ நாளன்னிக்கோ போட்ரும்."

டாக்டர் வரதன் எட்டே முக்காலுக்கு வந்தார். அறைக்குள் போய் நின்றபடியே சொன்னேன். "சார், பன்னெண்டு ஸ்லைடும் நான் ஆல்கஹால்ல போட்டேன். கொழுப்பு கரைஞ்சு போச்சு. சுகன்யா மேல தப்பில்ல."

அவர் நம்பவில்லை. என்னை நம்பவில்லை என்பதல்ல. என் கையில் தப்பு வந்தது என்பதை நம்பவில்லை. டைரியைத் திறந்து நான்கு எண்களைக் காட்டினேன். சுகன்யாவின் பட்டியலைப் பக்கத்தில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். பிறகு மறுபடி மாட்டிக்கொண்டு படித்தார்.

"துளை எதனால வேணா வரும் ஸ்டெல்லாம்மா. இத வச்சு ஒண்ணும் எழுத முடியாது."

"எழுத வேணாம் சார். ஒரு ஈற்று குடுங்க. கடைசிப் பொட்டை வயித்தோட இருக்கு."

"சிவக்கலன்னா?"

"அப்பவும் தப்பு என் பேர்லயே இருக்கட்டும் சார். ரிஜிஸ்டர்ல எழுதிடறேன். ஆனா அந்தப் பொண்ணப் பத்தி அதுக்கு முன்னாடி எதுவும் எழுதாதீங்க."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரு ஈற்று. அவ்ளோதான்," என்றார்.

6. கடைசி ஈற்று

ஏழு குட்டிகள் பிறந்தன. இரண்டாம் நாள் ஆறு இருந்தன.

"ஒண்ண ஆத்தாக்காரி தின்னுட்டா," என்றார் ஏகாம்பரம் அண்ணன். "பயப்படாத. இனிமே தின்ன மாட்டா. நான் அந்தப் பக்கம் யாரையும் விடல." ரேடியோவைக்கூட நிறுத்தி வைத்திருந்தார். மிஞ்சிய ஆறு குட்டிகளிலுமே ரிசெப்டர் இருந்துவிடலாம். அதைப் பற்றி நானும் சுகன்யாவும் பேசிக்கொள்ளவில்லை. அந்த நாட்களில் நாங்கள் எதைப் பற்றியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ட்யூப் வைக்கும் ஸ்டாண்டை நகர்த்துங்கள், கதவைச் சாத்துங்கள், அவ்வளவுதான்.

ஒரு நிபந்தனையை நானே கேட்டு வாங்கினேன். வால் சோதனை முடிவை சுகன்யா உறையில் போட்டு ஒட்டி டாக்டரிடம் தந்துவிட வேண்டும். ஏழாம் நாள் ட்யூப்களுக்கு ஏ முதல் எஃப் வரை டாக்டரே பெயர் எழுத வேண்டும். எது எந்தக் குட்டி என்று எங்கள் இருவருக்கும் தெரியக் கூடாது.

ஒவ்வொரு ட்யூபிலிருந்தும் இரண்டு ஸ்லைடு போட்டேன். ஒன்றைக் காய விட்டு ஃபார்மலினில் வைத்தேன். மற்றதை, பழையபடி, ஆல்கஹாலில். கல்லீரல் துண்டையும் இரண்டாக்கி இரண்டு வழியிலும் அனுப்பினேன். முதல் ஸ்லைடு காயும்வரை என் இடது கை சும்மா இருக்கவில்லை. இரண்டு முறை ஜாடிப் பக்கம் போனது. கடைசியில் ஜாடியை எடுத்துப் பின் மேசைக்கு மாற்றிவிட்டேன்.

மறுநாள் எல்லா ஸ்லைடுகளையும் ஒரே நேரத்தில் சாயத்தில் போட்டோம். முதலில் சுகன்யாதான் பார்க்க வேண்டும் என்றேன். ஏ ஸ்லைடில் ஒன்றுமில்லை. அடுத்ததை வைத்தாள். ஃபோகஸ் திருகியை இப்படியும் அப்படியும் திருகினாள். குனிந்த தலை நிமிரவில்லை.

"அக்கா."

"சொல்லு."

"மொளகாத்தூள் கொட்டின மாதிரி இருக்குக்கா."

நான் பார்த்தேன். பெரிய பெரிய செல்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் கொத்துக் கொத்தாகச் சிவப்பு. அதே பி ட்யூபின் ஆல்கஹால் ஸ்லைடை வைத்தேன். அதே அளவு செல்கள், உள்ளே வெறும் துளைகள். ஆல்கஹாலில் போன கல்லீரலும் வெளுத்திருந்தது. சிவந்தவை பி, இ இரண்டும்தான். காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு டாக்டரிடம் தந்தோம்.

அவர் உறையைக் கிழித்தார். தன் பட்டியலோடு ஒப்பிட்டார். "பி, இ," என்றார். பிறகு நேராக சுகன்யாவைப் பார்த்தார். "நான் பேசுனது தப்பும்மா."

"பரவால்ல சார்."

"பரவால்லன்னு சொல்லாத. தப்பு தப்புதான்." உறையை மேசையில் வைத்துவிட்டு, "அடுத்த ஈற்று எப்ப கெடைக்கும்?" என்றார்.

கதவுக்கு வெளியே நின்ற ஏகாம்பரம் அண்ணன் சொன்னார். "ஜோடி சேர்த்து மூணு நாள் ஆச்சு சார். கேட்டா குடுக்க மாட்டீங்கன்னு கேக்கல."

7. ரிஜிஸ்டரில் இப்போது

பழைய பக்கத்தை நான் கிழிக்கவில்லை. எதையும் அடிக்கவும் இல்லை. பன்னிரண்டு டிக்குகளுக்குக் கீழே தேதி போட்டு, "இவை அனைத்தும் ஆல்கஹாலில் ஃபிக்ஸ் செய்யப்பட்டவை. கொழுப்புச் சாயத்துக்குப் பயன்படாது. செய்தவர் ஸ்டெல்லா" என்று எழுதினேன். 'ஃபிக்ஸ்' என்ற கட்டத்தை 'எதில் ஃபிக்ஸ்' என்று மாற்றினேன். அந்தக் கட்டத்தில் டிக் போட முடியாது. எழுதித்தான் ஆக வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டே விஷயம். ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் கண்ட்ரோல், சாம்பிள் போகும் அதே கை வழியாக, அதே ஜாடி வழியாகப் போக வேண்டும். வேறு வழியில் போன கண்ட்ரோல் சாயத்தை மட்டும் சோதிக்கும், உங்களைச் சோதிக்காது. இன்னொன்று, உங்கள் கையில் தப்பே வராது என்று யாராவது உங்கள் முன்னால் சொன்னால், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

சுகன்யாவும் நானும் மறுபடி சகஜமாகப் பேச இரண்டு மாதம் ஆனது. ஆனால் அந்தக் கடைசி ஈற்றுக்குப் பிறகு வந்த முதல் ட்யூபிலிருந்தே அவள் ஒன்றை விடவில்லை. ட்யூபை என் கையில் தரும்போது கேட்பாள். "எதுலக்கா?"

ஆரம்பத்தில் அது சுருக்கென்று குத்தியது. இருபத்தாறு வருடம் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. இப்போது அவள் அவசரத்தில் மறந்து ட்யூபை நீட்டினால், நான் கை நீட்டுவதில்லை. அவள் கேட்கும்வரை நிற்கிறேன்.

"எதுலக்கா?"

"ஃபார்மலின்," என்று சொல்லிவிட்டுத்தான் வாங்குகிறேன்.